42 நிமிடம் தரையில் கிடந்த 11 கே.வி. கம்பி: ஒரு நிகழ்வு ஆய்வு

நான் மின்வாரியத்தின் மீட்டர், ரிலே சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். லைனில் கோளாறு வந்தால் அதைக் கண்டு மின்சாரத்தை நிறுத்தச் சொல்லும் கருவிதான் ரிலே. தென் தமிழகத்தின் மானாவாரிப் பகுதி ஒன்றில், ஒரு மே மாதப் பிற்பகலில் நடந்ததைக் கீழே எழுதியிருக்கிறேன். ஊர், ஃபீடர் (துணை மின்நிலையத்திலிருந்து ஊர்களுக்குப் போகும் லைன்), ஆட்கள் பெயர்களை விட்டுவிட்டேன். மனித உயிர் எதுவும் போகவில்லை. ஒரு வெள்ளாடு செத்தது. ஆள் சாகாத நிகழ்வுகள் பதிவேட்டில் இரண்டு வரியோடு முடிந்துவிடும். இதிலும் முதலில் எழுதப்பட்டது அந்த இரண்டு வரிதான். அதை அப்படியே விட எனக்கு மனமில்லை.

பின்னணி

33 கே.வி.யை (33,000 வோல்ட்) 11 கே.வி.யாக இறக்கும் துணை மின்நிலையம். அதிலிருந்து கிளம்பும் 11 கே.வி. ஃபீடர்களில் இது நீளமானது, கிளைகளையெல்லாம் சேர்த்தால் 38 கிலோமீட்டர் வரும். மெயின் லைன் 7/3.35 கம்பி (3.35 மி.மீ. இழைகள் ஏழு), கிளைகள் பெரும்பாலும் 7/2.59. பிரச்சினை நடந்த இடம் நிலையத்திலிருந்து லைன் வழியே 14 கிலோமீட்டர் தள்ளி, ஒரு கிளையின் நடுவில், காய்ந்து கிடந்த கண்மாயின் கரை மேல்.

பாதுகாப்பு என்று பார்த்தால் வழக்கமான ஏற்பாடுதான். லைனைத் திறந்து மூடும் பிரேக்கர், லைன் மின்னோட்டத்தை 200-க்கு 1 என்று குறைத்து ரிலேக்குக் காட்டும் சி.டி., சில ஆண்டுகளுக்கு முன் மாற்றிய எண்ணியல் ரிலே. ஓவர்கரன்ட் (கம்பியில் அளவுக்கு மீறிய மின்னோட்டம்) 100 சதவீதம், அதாவது 200 ஆம்பியரைத் தாண்டினால் ரிலே எழும். எர்த் ஃபால்ட் (மின்சாரம் தரைக்குப் போகும் கோளாறு) 20 சதவீதம், அதாவது 40 ஆம்பியர்.

இந்த 40 எங்கிருந்து வந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய மின்காந்த ரிலேக்களில் எர்த் ஃபால்ட் பிளக் (அளவை மாற்றத் துளையில் செருகும் முளை) 10 முதல் 40 சதவீதம், இல்லையென்றால் 20 முதல் 80 சதவீதம் என்றுதான் இருக்கும். இங்கே இருந்தது இரண்டாவது வகை, அதில் ஆகக் குறைந்த துளை 20. ரிலேயை மாற்றியபோது பழைய செட்டிங் தாளைப் பார்த்துப் புதியதிலும் அதே 20-ஐப் போட்டுவிட்டார்கள். புதிய ரிலே அதைவிடப் பல மடங்கு நுணுக்கமாகப் பார்க்கக் கூடியது. அந்தக் கண்ணை யாரும் திறந்துவிடவில்லை. அதற்கடுத்த இரண்டு ஆண்டுச் சோதனைகளில் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

அன்று பிற்பகல்

2:52-க்கு பிரேக்கர் தானே திறந்து ஃபீடர் டிரிப் ஆனது. ரிலே காட்டியது ஓவர்கரன்ட், ஒய் பேஸும் பி பேஸும் (லைனின் மூன்று கம்பிகளில் இரண்டு), 480 ஆம்பியர். எர்த் ஃபால்ட் விளக்கு எரியவில்லை. நல்ல கோடைக்காற்று வீசிக்கொண்டிருந்த நேரம். இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று உரசியிருக்கும் என்று ஷிஃப்ட் ஆபரேட்டர் நினைத்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். மேல்நிலை லைன்களில் வரும் ஃபால்ட்டுகளில் பெரும்பாலானவை வந்த வேகத்திலேயே போய்விடுபவை. அதனால்தான் ஒருமுறை டெஸ்ட் சார்ஜ் செய்து, அதாவது மறுபடி மின்சாரம் விட்டு, பார்க்கும் வழக்கம் இருக்கிறது.

2:57-க்கு சார்ஜ் செய்தார். மறுபடி டிரிப் ஆகாமல் நின்றது. டிரிப்புக்கு முன் 110 ஆம்பியர் ஓடியது, இப்போது 106. பதிவேட்டில் "டெஸ்ட் சார்ஜ், ஹெல்ட் ஓ.கே." என்று எழுதினார்.

3:04-க்குப் பிரிவு அலுவலகத்துக்கு முதல் போன். "லைட் மங்கலா எரியுது, ஃபேன் சுத்தவே மாட்டேங்குது." 3:09-க்கு வேறொரு தெருவிலிருந்து அதே புகார். 3:15-க்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மோட்டார் ஓடவில்லை என்று. மூன்றும் மூன்று வேறு டிரான்ஸ்ஃபார்மர்கள், ஆனால் ஒரே கிளை. போன் எடுத்த கம்பியாளர் மூன்றையும் தனித்தனிப் புகாராக நோட்டில் எழுதிவிட்டு, எச்.ஜி. ஃபியூஸ் (டிரான்ஸ்ஃபார்மரின் 11 கே.வி. பக்கத்து ஃபியூஸ்) போயிருக்கும், போய்ப் பாருங்கள் என்று லைன்மேனை முதல் டிரான்ஸ்ஃபார்மருக்கு அனுப்பினார்.

லைன்மேன் 3:27-க்குப் போய்ச் சேர்ந்தார். கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். எச்.ஜி. ஃபியூஸ் மூன்றும் அப்படியே இருந்தன. 3:30-க்கு அலுவலகத்தைக் கூப்பிட்டு, "ஃபியூஸ் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, எல்.டி. பக்கம் பாக்கறேன்" என்றார். (எல்.டி. என்பது வீடுகளுக்குப் போகும் குறைந்த அழுத்த லைன், எச்.டி. என்பது 11 கே.வி. போன்ற உயர் அழுத்த லைன்.) அந்த ஒரு வரியில் எல்லாமே இருந்தது. வெளிச்சம் பாதியாகக் குறைந்திருக்கிறது, ஃபியூஸ் போகவில்லை, அப்படியென்றால் அதற்கு முன்னால் நிலையத்துப் பக்கம் எங்கோ 11 கே.வி. கம்பி அறுந்திருக்கிறது. அதைக் கேட்ட யாருக்கும் அது உறைக்கவில்லை.

கண்மாய்க் கரையில்

கம்பி அறுந்ததை முதலில் பார்த்தது ஆடு மேய்க்கப் போன ஒரு அம்மா. மறுநாள் அவரிடம் பேசினேன். "பச்ச வெறகு எரியிற மாதிரி உஸ்ஸு உஸ்ஸுன்னு சத்தம் கேட்டுச்சு சார். ஊதா நெறத்துல சின்னதா வெளிச்சம். என்னமோ ஏதோன்னு பாக்கறதுக்குள்ள ஆடு ஒண்ணு கிட்டப் போயிருச்சு." மற்ற ஆடுகளைக் கரைக்கு அந்தப் பக்கம் விரட்டிவிட்டு, தூரத்திலேயே நின்றுகொண்டு அண்ணன் மகனுக்குப் போன் செய்திருக்கிறார். அவர் கிட்டே போகாமல் இருந்ததற்கு நாங்கள் யாரும் எதுவும் செய்யவில்லை. அது அவருடைய புத்தி.

அந்தப் பையன் 3:31-க்கு லைன்மேனைக் கூப்பிட்டான். லைன்மேனின் போன் வண்டிப் பெட்டியில் இருந்தது. அப்புறம் யாரிடமோ எண் வாங்கி 3:36-க்குப் பிரிவு அலுவலகத்தைப் பிடித்தான். அங்கிருந்து 3:38-க்குத் துணை மின்நிலையத்துக்குப் போன்.

"அண்ணே, கண்மாய்க் கரையில கம்பி கெடக்காம்."

"எல்.டி.யா, எச்.டி.யா?"

"தெரியல அண்ணே. ஆடு செத்துப்போச்சாம்."

ஆபரேட்டர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. மேலதிகாரியின் அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. 3:39-க்கு ஹேண்ட் டிரிப் செய்தார், அதாவது தானே பிரேக்கரைத் திறந்தார். டெஸ்ட் சார்ஜிலிருந்து கணக்கிட்டால் 42 நிமிடம்.

லைன் கிளியர் எடுத்து (லைன் நிறுத்தப்பட்டது என்ற உறுதி வாங்கி), கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு போட்டபின் அந்த இடத்தைப் பார்த்தார்கள். அறுந்தது ஒரு ஜாயின்ட்டில். எப்போதோ அவசரத்துக்கு ஸ்லீவ் (இணைப்புக் குழாய்) போடாமல் கையால் முறுக்கிய ஜாயின்ட். ஆறு அலுமினிய இழைகளும் சாம்பல் நிறத்தில் வெந்து போயிருந்தன, நடுவிலிருந்த எஃகு இழை துருப்பிடித்து மெலிந்திருந்தது. நிலையத்திலிருந்து வரும் பக்கத்துத் துண்டு சரளையில் விழுந்திருந்தது. கம்பி தொட்டுக்கொண்டிருந்த நான்கைந்து இடங்களில் மணல் உருகி, பச்சை கலந்த கறுப்புக் கண்ணாடியாக இறுகியிருந்தது. விரல் நீளத்தில் ஒரு கட்டியை எடுத்து வந்தேன்.

ரிலே மீது வந்த சந்தேகம்

இரண்டு நாள் கழித்துக் கூடிப் பேசினோம். எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: ரிலே ஏன் வேலை செய்யவில்லை? என்னைச் சோதிக்கச் சொன்னார்கள். செகண்டரி இன்ஜெக்‌ஷன் செய்தேன். ரிலேக்கு நேராக மின்னோட்டம் கொடுத்துப் பார்க்கும் சோதனை இது. எர்த் ஃபால்ட் மிகச் சரியாக 0.2 ஆம்பியரில், அதாவது லைனில் 40-இல், எழுந்தது. நேரமும் சரி. பிரேக்கர் சுருளும் சரி. ரிலேயில் குறை எதுவும் இல்லை.

விடை ரிலேயின் நினைவகத்தில் இருந்தது. பிரேக்கர் திறக்கும் ஒவ்வொரு முறையும் அலைவடிவத்தைப் பதிவு செய்யும்படி அதை அமைத்திருந்தார்கள். ஹேண்ட் டிரிப்புக்கு முந்தைய ஓரிரு விநாடிகள் அப்படியே கிடைத்தன. தரை வழியே திரும்பிய மின்னோட்டம் 9-க்கும் 14 ஆம்பியருக்கும் இடையே ஆடிக்கொண்டிருந்தது. ஒரு சுற்று இருந்ததுபோல் அடுத்தது இல்லை, மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒரே அளவில் இல்லை. மண்ணில் மின்வில் எரியும்போது அலை இப்படித்தான் இருக்கும்.

சராசரியாக 12 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 11 கே.வி. லைனில் ஒரு பேஸுக்கும் தரைக்கும் இடையே 6,350 வோல்ட். வகுத்தால் தடை 530 ஓம் வரும். அந்தச் சரளை, அந்த வெயிலில், அவ்வளவுதான் மின்சாரம் விட்டது. 40 ஆம்பியருக்குக் காத்திருந்த ரிலேக்கு 12 என்பது கணக்கிலேயே கிடையாது.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய சிக்கல் இல்லை. அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் 1970-களின் இறுதியிலிருந்தே இதை ஆராய்ந்து வருகிறார்கள். 12.5 கே.வி. லைன்களுக்கு அங்கே பொறியாளர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவுகள் இவை: உலர்ந்த தார்ச்சாலையிலும் உலர்ந்த மணலிலும் மின்னோட்டம் ஏறக்குறைய பூஜ்யம், ஈர மணலில் 15 ஆம்பியர், காய்ந்த புல்லில் 25, ஈரப் புல்லில் 50, கம்பி கட்டிய கான்கிரீட்டில் 75. இந்த வரிசையைப் பார்த்தாலே புரியும். ஐப்பசி மழையில் அதே கம்பி அதே கரையில் விழுந்திருந்தால் லைன் ஒருவேளை டிரிப் ஆகியிருக்கலாம். சித்திரை வெயிலில் ஆகாது.

ஆம்மீட்டரிலும் ஏன் தெரியவில்லை

எனக்குத் தூக்கம் வராமல் செய்தது இந்தக் கேள்விதான். ஒரு பேஸ் கம்பி அறுந்தால், அதற்கு அப்பால் உள்ள லோடு அந்தப் பேஸில் காணாமல் போக வேண்டும். ஆபரேட்டர் மூன்று பேஸையும் பார்த்திருந்தால் தெரிந்திருக்காதா?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறுந்த இடத்துக்கு அப்பால் பேஸுக்கு 18 ஆம்பியர் லோடு இருந்தது. அறுந்தபின், நல்ல இரண்டு பேஸ்களிலும் 106 ஆம்பியரை ஒட்டி ஓடியிருக்கும். அறுந்த பேஸில் 92 மட்டுமே ஓட வேண்டும். ஆனால் அந்தப் பேஸ்தானே தரையில் கிடந்து 12 ஆம்பியரை இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டு மின்னோட்டங்களின் கோணமும் வேறு என்பதால் நேராகக் கூட்டி 104 என்று சொல்ல முடியாது; சேர்த்தால் 102 வரும். ஆக 106, 106, 102. நான்கு ஆம்பியர் வித்தியாசத்தை வைத்துக் கம்பி அறுந்தது என்று யாரும் சொல்ல முடியாது, அந்த ஃபீடரில் அது தினமும் இருக்கும் ஏற்றத்தாழ்வு. காணாமல் போன லோடின் இடத்தை மண் நிரப்பிவிட்டது.

ஆனால் வீடுகளில் அது பளிச்சென்று தெரிந்தது. நம் விநியோக டிரான்ஸ்ஃபார்மரின் 11 கே.வி. பக்கம் டெல்டா, அதாவது மூன்று சுற்றுகளும் முக்கோணமாக இணைந்திருக்கும். ஒரு பேஸ் வராவிட்டால் மூன்று சுற்றுகளில் ஒன்றுக்கு முழு வோல்டேஜ் கிடைக்கும்; மற்ற இரண்டும் தொடராகச் சேர்ந்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளும். 240 வர வேண்டிய வீட்டில் 120 வரும். எச்.ஜி. ஃபியூஸ் ஒன்று போனாலும் இதே கதைதான். ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் மட்டும் மங்கல் என்றால் ஃபியூஸ். ஒரே கிளையில் இரண்டு மூன்று டிரான்ஸ்ஃபார்மர்களில் ஒரே நேரத்தில் மங்கல் என்றால், அவற்றுக்கு முன்னால் நிலையத்துப் பக்கம் லைன் அறுந்திருக்கிறது, இல்லையென்றால் எங்கோ ஜம்பர் (கம்பிகளை இணைக்கும் சிறு துண்டு) விட்டுப் போயிருக்கிறது. 3:09-க்கு வந்த இரண்டாவது போனிலேயே இது தெரிந்திருக்க வேண்டும். அப்போதே நிறுத்தியிருந்தால் 42 நிமிடம் 12 நிமிடமாகியிருக்கும்.

இன்னொன்றையும் களத்தில் இருப்பவர்கள் மனதில் வைக்க வேண்டும். அறுந்த கம்பியின் மறுபக்கத் துண்டு, அதாவது லோடு பக்கம் தொங்குவது, செத்த கம்பி கிடையாது. டெல்டா சுற்றின் வழியே அதற்குப் பின்பக்கமாக மின்சாரம் வரும். மூன்று பேஸிலும் லோடு சமமாக இருந்தால் தரைக்கு 3,175 வோல்ட். அன்று லைன்மேன் மேலே ஏறி, ஒரு பேஸ் வரவில்லையே என்று அந்தக் கம்பியைத் தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

எடுத்த முடிவுகள்

முதலில் எழுந்த யோசனை எர்த் ஃபால்ட்டை 20-லிருந்து 10 சதவீதமாகக் குறைப்பது. 10 சதவீதம் என்றால் 20 ஆம்பியர். அன்றைய 12-ஐ அதுவும் பார்த்திருக்காது. அதனால் அதைத் தொடாமல், ரிலேயில் சும்மா கிடந்த இன்னொரு நிலையை எடுத்து நுண்ணுணர்வு எர்த் ஃபால்ட்டாக அமைத்தோம்: 8 ஆம்பியர், 5 விநாடி.

ஏன் 8? நம் 11 கே.வி. லைன் மூன்று கம்பி லைன், டிரான்ஸ்ஃபார்மர்கள் டெல்டா. ஆகவே லோடு ஏற்றத்தாழ்வு தரை வழியே திரும்பாது. சாதாரண நேரத்தில் ரிலேக்குத் தெரியும் எர்த் மின்னோட்டம் சி.டி.களுக்குள் இருக்கும் சிறு பிழையால் வருவது, 110 ஆம்பியர் லோடில் அது 2 ஆம்பியரைத் தாண்டக் கூடாது. பக்கத்து ஃபீடரில் எர்த் ஃபால்ட் வந்தால் இந்த லைனின் மின்தேக்கத்தால் ஒரு மின்னோட்டம் வரும். 38 கிலோமீட்டருக்கு அது ஒன்றரை ஆம்பியருக்கும் கீழே. இரண்டையும் கூட்டினாலும் 8 எட்டாது. 5 விநாடி வைத்தது, சார்ஜ் செய்யும் கணத்தில் டிரான்ஸ்ஃபார்மர்கள் இழுக்கும் பெரு மின்னோட்டத்தில் சி.டி.கள் தடுமாறி வீணாக டிரிப் ஆகாமல் இருக்க.

இதற்கு எதிர்ப்பும் இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. ஃபீடரில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையமும் இரண்டு அரிசி ஆலைகளும் இருக்கின்றன. தென்னை மட்டை உரசினால்கூட டிரிப் ஆகும், மக்களுக்கு யார் பதில் சொல்வது என்று உதவிப் பொறியாளர் கேட்டார். அதனால் ஒரு மாதம் அலாரம் மட்டும் வைத்தோம். நான்கு முறை அடித்தது. இரண்டு மரக்கிளை, ஒன்று விரிசல் விட்ட இன்சுலேட்டர், ஒன்றுக்குக் காரணம் கிடைக்கவில்லை. அதைப் பார்த்தபின் அவரே டிரிப்பில் போடச் சொல்லிவிட்டார். இந்த நிலையில் டிரிப் ஆனால் லைனைப் பார்க்காமல் டெஸ்ட் சார்ஜ் கிடையாது என்றும் எழுதினோம்.

இரண்டாவது முடிவுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை, என் பார்வையில் அதுதான் பெரியது. ஒரே பக்கம், தமிழில், பிரிவு அலுவலகப் போனுக்கு மேலே ஒட்டினோம். ஒரே கிளையில் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களிலிருந்து 15 நிமிடத்துக்குள் மங்கல் புகார் வந்தால் உடனே துணை மின்நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். கம்பி கீழே கிடக்கிறது என்று யார் சொன்னாலும் எல்.டி.யா எச்.டி.யா என்று கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. ஆபரேட்டர் யாருடைய அனுமதியும் இல்லாமல் ஹேண்ட் டிரிப் செய்யலாம்; புகார் பொய்யாகப் போனாலும் விளக்கம் கேட்கப்படாது. கடைசி வரிக்குத்தான் அதிக நேரம் வாதாடினோம். அது இல்லையென்றால் மற்ற வரிகளுக்கு உயிர் இல்லை. அன்று அந்த ஆபரேட்டர் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் இன்னும் ஐந்தோ பத்தோ நிமிடம் போயிருக்கும்.

மூன்றாவது, கிளை முழுவதும் நடந்து பார்த்தது. கையால் முறுக்கிய ஜாயின்ட்டுகள் இன்னும் ஏழு கிடைத்தன. ஏழையும் வெட்டிக் கம்ப்ரஷன் ஸ்லீவ் போட்டார்கள்.

கம்பி அறுந்ததை நேராகக் கண்டுபிடிக்கும் வசதியும் அந்த ரிலேயில் உண்டு. மூன்று பேஸ்களின் சமநிலை எவ்வளவு குலைந்தது என்று அது அளக்கும். துணை மின்நிலையத்தில் வைத்தால் பயனில்லை: மொத்த லோடில் அறுந்த பக்கம் சிறிய பங்குதான் என்பதால் சமநிலைக் குலைவு 10 சதவீதத்தை ஒட்டித்தான் வரும், வழக்கமாக வைக்கும் 20-ஐ எட்டாது. கிளை பிரியும் இடத்தில் ஒரு ரீக்ளோசர் (கம்பத்தில் வைக்கும், தானே திறந்து மூடும் பிரேக்கர்) வைத்து அங்கே அளந்தால் 40-ஐத் தாண்டும். அப்படி ஒன்று வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம்.

அதன் பின்

அக்டோபரில் மழை பிடித்தபின் ஒரு கம்பி நெல் வயலில் விழுந்தது. பழைய எர்த் ஃபால்ட்டே சட்டென்று டிரிப் செய்தது. நுண்ணுணர்வு நிலை டிசம்பருக்குள் மூன்று முறை டிரிப் செய்தது: ஒன்று உடைந்த இன்சுலேட்டர், ஒன்று தென்னை மட்டை, மூன்றாவதற்கு லைன் முழுக்க நடந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. அன்று அரிசி ஆலை இரண்டு மணி நேரம் நின்றது, திட்டு வாங்கினோம்.

பிப்ரவரியில் நடந்ததுதான் சோதனை. வேறொரு கிளையில் கம்பி அறுந்து காய்ந்த தார்ச்சாலையில் விழுந்தது. புதிய நிலை எழவே இல்லை. பதிவில் பார்த்தால் எர்த் மின்னோட்டம் 2 ஆம்பியர்கூட இல்லை. முதல் மங்கல் புகார் காலை 10:41, வேறொரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து அடுத்தது 10:45. 10:47-க்கு ஹேண்ட் டிரிப். சாலையில் போனவர்களை ஒரு டீக்கடைக்காரர் இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டுத் தடுத்து வைத்திருந்தார்.

இன்று செய்வதானால்

ரிலேப் பதிவை அன்றைக்கே எடுத்திருக்க வேண்டும். நான் போனது இரண்டு நாள் கழித்து. நினைவகத்தில் சில பதிவுகளுக்குத்தான் இடம், புதியது வந்தால் பழையது அழியும். இன்னும் இரண்டு டிரிப் வந்திருந்தால் அந்த 12 ஆம்பியர் போயிருக்கும், பழி ஆபரேட்டர் மீதோ ரிலே மீதோ நிலைத்திருக்கும்.

முதல் கூட்டத்தை "யார் தவறு" என்று தொடங்கியிருக்கவும் கூடாது. கம்பியாளர் அந்த மூன்று போன்களைப் பற்றி முதல் நாள் வாயே திறக்கவில்லை, பயந்துவிட்டார். மங்கல் புகார் நோட்டு என் கைக்கு வந்தது ஒரு வாரம் கழித்துத்தான்.

பொது இடத்துக்கு மேலே போகும் கம்பி அறுந்தால் அதைத் தீங்கற்றதாக்கும் சாதனம் இருக்க வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 91-ஆவது விதி சொன்னது. 40 ஆம்பியர் எர்த் ஃபால்ட் ரிலேயை அந்தச் சாதனமாக நினைத்துக்கொண்டு எத்தனை ஃபீடர்கள் ஓடுகின்றன என்று மற்ற நிலையங்களின் செட்டிங் தாள்களை எடுத்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். மூன்று நிலையங்கள் முடிந்தன. எல்லாவற்றிலும் 20 சதவீதம்தான்.

ரீக்ளோசர் இன்னும் வரவில்லை. துணை மின்நிலையத்தின் போன் எண்ணையும் கம்ப எண்ணையும் ஒவ்வொரு கம்பத்திலும் எழுதும் வேலை நடக்கிறது. அந்தக் கிளையில் சாலையோரக் கம்பங்கள் முடிந்துவிட்டன. கண்மாய்க் கரையில் சீமைக்கருவேலங் காட்டுக்குள் நிற்கும் 14 கம்பங்கள் பாக்கி. முள்ளை வெட்ட ஆள் கேட்டிருக்கிறோம்.